கேட்டால் மட்டும் பேசும் எடிட்டர்

அந்தகக்கவி வீரராகவ முதலியார் எழுத்துக் கற்றதைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பதினேழாம் நூற்றாண்டுக்காரர், பிறவியிலேயே பார்வை கிடையாது. வாழ்ந்தது காஞ்சிபுரத்துக்குத் தென்கிழக்கே, செங்கற்பட்டுப் பக்கத்துப் பொன்விளைந்த களத்தூரில். அவருடைய முதுகில் விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுதிக் காட்டுவார்களாம். அவர் அதைத் தோலால் வாங்கி மனத்தில் அடுக்கிக்கொள்வாராம். திருக்கழுக்குன்றப் புராணமும் திருவாரூர் உலாவும் பாடிய மனிதர். அவருக்கும் முன்னால், காஞ்சி ஏகாம்பரநாதர் மேல் உலா பாடிய இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் இல்லை, மற்றவருக்குக் கால் இல்லை. ஒருவர் பாதி வெண்பாவை எடுத்துக் கொடுக்க, மற்றவர் மீதியை முடிப்பாராம்.

இவற்றில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பிறகு சேர்ந்தது என்று பிரிப்பது இங்கே என் வேலையில்லை. எனக்குப் பிடித்தது அந்த முதுகுதான். முதுகில் ஒரு பக்கத்தை முழுதாக விரித்துக் காட்ட முடியாது. ஒரு நேரத்துக்கு ஓர் எழுத்து. அடுத்தது வந்தால் முந்தையது போய்விடும். நினைவில் நின்றதுதான் மிச்சம்.

கணினியைக் காதால் இயக்குகிறவரின் நிலைமையும் இதுவே. பார்வை உள்ளவருக்குத் திரை ஒரு பரப்பு. நாற்பது வரி இருந்தாலும் கண் தாவித்தாவித் தேடி, வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். பேச்சுக்கு அகலம் கிடையாது, நீளம் மட்டும்தான். திரைவாசிப்பான் என்கிற மென்பொருள் அந்தப் பரப்பை இழுத்து நீளமாக்கிக் காதுக்கு அனுப்புகிறது. எதை முதலில் சொல்வது, எதை விடுவது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதில்தான் அதன் திறமை எல்லாம் இருக்கிறது.

படங்களும் பொத்தான்களும் இல்லாத கறுப்புத் திரை, அதில் வெறும் எழுத்து. அப்படியானால் டெர்மினல்தான் பார்வையற்றவருக்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்று தோன்றும். பாதி உண்மை. டாஸ் காலத்தில் திரையின் ஒவ்வொரு கட்டத்திலும் எந்த எழுத்து இருக்கிறது என்பது கணினியின் நினைவகத்திலேயே வரிசையாகக் கிடந்தது. அதை எடுத்துப் படித்தால் போதும். ஐ.பி.எம்.மில் ஜிம் தாட்சர் உருவாக்கிய வாசிப்பானும், டெட் ஹென்டரின் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட ஜாஸும் அப்படித்தான் வேலை செய்தன. விண்டோஸ் வந்து எழுத்தைப் புள்ளிகளாக வரையத் தொடங்கியதும் அந்த வசதி போயிற்று. மறுபடி நிலைகொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன. அந்த நாள்களைக் கடந்து வந்த பார்வையற்ற நிரலாளர்கள் பலருக்குக் கட்டளை வரி மேல் இன்னும் ஒரு தனிப் பாசம் இருப்பதில் வியப்பில்லை.

மீதிப் பாதி எங்கே இடிக்கிறது? வழக்கமான டெர்மினலில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. மொத்தம் 1,920 கட்டங்கள். எந்தக் கட்டத்தில் நாம் எழுதியது இருக்கிறது, எதில் எடிட்டர் தன் சொந்தச் சங்கதியைப் போட்டிருக்கிறது என்று திரைவாசிப்பானுக்கு யாரும் சொல்வதில்லை. 1976-இல் பில் ஜாய் எழுதிய விஐ எடிட்டரையும் அதன் வாரிசான விம்மையும் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கோப்பைத் திறந்தால், அது முடிந்த பிறகு மிஞ்சும் காலி வரிகளில் எல்லாம் ஒரு நெளிகோடு நிற்கும். பார்க்கிறவர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. காதில் ‘டில்டே, டில்டே, டில்டே’ என்று வந்துகொண்டே இருக்கும். எழுதும் நிலையில் இருக்கிறோமா, கட்டளை நிலையில் இருக்கிறோமா என்பது திரையின் அடியில் ஒரு மூலையில் தெரியும். அந்த மூலைக்குப் போய்ப் பார்க்கச் சொன்னால்தான் வாசிப்பான் போகும். பக்கம் நகர்ந்தால் எடிட்டர் திரை முழுவதையும் திரும்ப வரையும். புதிதாக வந்தது எது, பழசு எது என்று வாசிப்பானுக்குக் குழப்பம். நானோ எடிட்டர் கொஞ்சம் சாது. அதன் அடியில் நிற்கும் இரண்டு வரிக் குறிப்பை மறைத்துவிட்டால் பெரிய தொல்லை தருவதில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், இவை எல்லாவற்றையும்விட வயதில் மூத்த எடிட்டர்தான் காதுக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது. பெயர் எட். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் 1969-இல் எழுதியது. அப்போது அவர் கட்டளை அடித்தது திரையில் அல்ல. டெலிடைப் என்கிற தட்டச்சுப் பொறியில்தான். அது உருளைக் காகிதத்தில் அடித்துத் தள்ளும். வேகம் நொடிக்குப் பத்து எழுத்து. இருபது வரியைக் காட்டு என்றால் காபி குடித்துவிட்டு வரலாம். அதனால் எட் எதையும் தானாகக் காட்டாது. மூன்றாம் வரி வேண்டுமா, 3 என்று அடியுங்கள். மூன்றாம் வரி மட்டும் வரும். சொன்னது நடந்துவிட்டால் பெரும்பாலும் பதிலே பேசாது. நடக்கவில்லை என்றால் ஒரே ஒரு கேள்விக்குறி. தாம்சன் வடிவமைத்த காரில் வேகமானியோ பெட்ரோல் அளவியோ கிடையாது, கோளாறு வந்தால் ஒரு பெரிய கேள்விக்குறி மட்டும் எரியும், அனுபவசாலி ஓட்டுநருக்கு அது போதும் என்று யூனிக்ஸ்காரர்கள் கேலி பேசுவார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இஸ்பீக் என்கிற இலவசப் பேச்சுப் பொறி, யாரும் மாற்றாமல் விட்டால், நிமிடத்துக்கு 175 சொல் வேகத்தில் பேசும். ஆங்கிலத்தில் அது நொடிக்குச் சுமார் பதினைந்து எழுத்து. பழகியவர்கள் வேகத்தை இரண்டு மடங்காக்கிக் கேட்பார்கள். பக்கத்தில் நிற்கிறவருக்குச் சீட்டி அடிப்பதுபோலத்தான் கேட்கும். அப்போதும் நொடிக்குச் சுமார் முப்பது எழுத்துதான். அதாவது காதின் குழாயும் டெலிடைப்பின் குழாயும் கிட்டத்தட்ட ஒரே அகலம். தாம்சன் பார்வையற்றவர்களை நினைத்து எட்டை எழுதவில்லை. மெதுவான, ஒற்றைத் தடமான ஒரு பொறியை நினைத்து எழுதினார். அந்தச் சிக்கனம் அரை நூற்றாண்டு கழித்து வேறொருவருக்கு உதவுகிறது. வேகமான திரைகளுக்காக எழுதப்பட்ட எடிட்டர்களிடம் அந்தச் சிக்கனம் இல்லை. டெர்மினல் என்பதாலேயே ஒரு கருவி பார்வையற்றவருக்கு உகந்ததாகிவிடாது. கேட்காததைச் சொல்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு கோப்பைத் திருத்திப் பார்ப்போம். சேலை ஆர்டர் பட்டியல் ஒன்று. வரிக்கு ஒரு சேலை. மூன்றாம் வரியில் ‘ஜரி’ என்றிருப்பதைச் ‘சரிகை’ ஆக்க வேண்டும். 3, எஸ், சாய்கோடு, ஜரி, சாய்கோடு, சரிகை, சாய்கோடு, பி. என்டர். மாறிய வரி, அது மட்டும், காதில் விழும். கோர்வைச் சேலைகள் எத்தனை என்று தெரிய வேண்டுமா? ‘கோர்வை’ என்ற சொல் வரும் வரிகளை மட்டும் எண்ணோடு படி என்று ஒரு கட்டளை போதும். கண் ஒரு பார்வையில் செய்யும் வேலையை இங்கே கட்டளை செய்கிறது: பரப்பில் தேடாமல், வேண்டியதை வடிகட்டி எடுத்துவருகிறது. லினக்ஸ்காரர்கள் தினமும் பயன்படுத்தும் கிரெப் என்ற தேடல் கருவி, எட்டின் இந்தக் கட்டளையைத் தனியே பிரித்து எடுத்ததுதான்.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஜக்கார்டு பூட்டிய தறியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மேலே மாலையாகக் கோத்துத் தொங்கும் துளையிட்ட அட்டைகளில், ஓர் அட்டை ஓர் ஊடைக்கு. எந்த அட்டையிலும் முழு மயில் கிடையாது. இந்த ஊடைக்கு எந்தப் பாவு இழை எழும்ப வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. ஆனால் நெசவாளருக்கு ஒரு வசதி உண்டு. நெய்த துணி எதிரே படமரத்தில் சுருண்டு ஏறுகிறது. குனிந்தால் மயிலின் கழுத்து தெரியும். காதால் திருத்துகிறவருக்கு அந்தத் துணி மனத்துக்குள்தான் இருக்கிறது. எட்டாம் வரியில் திறந்த அடைப்புக்குறியை இருபதாம் வரி வரை நினைவில் சுமக்க வேண்டும். சுமை உண்மையானது. ‘அவர்களுக்குக் காது கூர்மை’ என்று சொல்லித் தட்டிக் கழிப்பதை நான் ஏற்க மாட்டேன்; கூர்மையில்லை, பயிற்சி.

அமெரிக்காவில் கார்ல் டால்கே என்ற பார்வையற்ற நிரலாளர் இந்தத் தர்க்கத்தைக் கடைசி வரை கொண்டுபோனார். எட்பிரவுஸ் என்று அவர் எழுதிய நிரலில் எடிட்டர், இணைய உலாவி, மின்னஞ்சல் எல்லாம் எட்டின் நடையிலேயே இயங்கும். இணையப் பக்கமும் எண் போட்ட வரிகள்தான். கேட்ட வரியைத்தான் படிக்கும்.

இன்னொரு வழியைக் காட்டியவர் நம் நாட்டில் பிறந்தவர். டி.வி.ராமன், 1965-இல் புனேயில் பிறந்தார். கிளாக்கோமா நோயால் பதினான்கு வயதில் பார்வை போயிற்று. புனே பல்கலைக்கழகத்தில் கணிதம், பிறகு ஐ.ஐ.டி. பம்பாய், அங்கிருந்து கார்னெல். அவருடைய 1994-ஆம் ஆண்டு ஆய்வேடு கணிதக் கட்டுரைகளைக் காதுக்கு ஏற்றபடி படிக்கும் ஒரு நிரலைப் பற்றியது. தன் வழிகாட்டி நாயான ஆஸ்டரின் பெயரையே அதற்கும் வைத்தார். அடுக்கெண் வந்தால் ‘அடுக்கு’ என்று சொல்லிக்கொண்டிராமல், குரலைச் சற்று உயர்த்திப் படிக்கும். கணிதத்தில் மேலே எழுதுவதைக் குரலிலும் மேலே கொண்டுபோவது!

1995-இல் அவர் வெளியிட்ட ஈமேக்ஸ்பீக்கில்தான் பெரிய திருப்பம். ஈமேக்ஸ் எடிட்டரின் உள்ளேயே புகுந்து, ஒவ்வொரு கட்டளையும் முடிந்ததும் என்ன பேச வேண்டும் என்று ஒட்டுப்போட்டார். இது திரையைப் படிப்பதில்லை. ஈமேக்ஸின் நாள்காட்டியில் மூன்று மாதங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சாதாரணத் திரைவாசிப்பான் ஒரு வரியைப் படித்தால் மூன்று மாதத்து எண்களும் கலந்து வரும். ‘ஐந்து’ என்று சொன்னால் எந்த மாதத்து ஐந்து? ஈமேக்ஸ்பீக் அந்த இடத்தில் கிழமை, மாதம், தேதி, ஆண்டு என்று முழுசாகச் சொல்லும். எடிட்டருக்கு அது தேதி என்று தெரியும், திரைக்குத் தெரியாது. தகவல் திரையில் போய் விழுந்து உருக்குலைவதற்கு முன்பே அதைப் பிடித்துவிட வேண்டும் என்பது ராமனின் வாதம். நிரலின் குறிப்பு வரிகளுக்கு ஒரு குரல், மேற்கோளுக்குள் இருப்பதற்கு வேறு குரல் என்று வண்ணங்களுக்குப் பதில் குரல்களையும் வைத்தார். கோப்பைச் சேமித்தால், திறந்தால், மூடினால் ஒவ்வொன்றுக்கும் சின்னச் சின்ன ஒலி. பிறகு அடோபி, ஐ.பி.எம்., 2005 முதல் கூகுள் என்று வேலை மாறினாலும் ஈமேக்ஸ்பீக்கை விடவில்லை.

பைத்தான் கற்கும் மாணவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். அந்த மொழியில் வரியின் தொடக்கத்தில் எத்தனை இடைவெளி என்பதே இலக்கணம். இடைவெளிக்கு ஒலி ஏது? ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கி, ஜேம்ஸ் டே சேர்ந்து வளர்த்த என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானில் இதற்கு ஓர் அழகான தீர்வு இருக்கிறது. வரி உள்ளே தள்ளித் தொடங்கினால் ஒரு ‘டூங்’. எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு சுருதி ஏறும். ஒரு டேப் நான்கு இடைவெளிக்குச் சமம். கொஞ்ச நாளில் நிரலின் அமைப்பைச் சொல்லுக்கு முன்பே சுருதியில் பிடித்துவிடலாம்.

இனி தமிழுக்கு வருவோம். வேடிக்கையும் வேதனையும் இங்கேதான் சேர்ந்து கிடக்கின்றன.

எட்டில் ஒரு புதுக் கோப்பில் ‘காஞ்சி’ என்று ஒரே ஒரு வரி எழுதிச் சேமியுங்கள். சேமித்ததற்கு அடையாளமாக எட் ஓர் எண் சொல்லும்: 19. மூன்றெழுத்துச் சொல்லுக்குப் பத்தொன்பது எங்கிருந்து வந்தது? யூனிகோடில் அந்தச் சொல் க, துணைக்கால், ஞ, புள்ளி, ச, இகரக் கொக்கி என ஆறு குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். பதினெட்டு. வரி முடிவுக்கு ஒன்று. மற்ற எடிட்டர்களில் அம்புக்குறி விசையால் நகரும்போதும் இதே சங்கடம்தான்: சில டெர்மினல்களில் ‘கா’வைக் கடக்க ஒரு தட்டு போதும், சிலவற்றில் இரண்டு. திரைவாசிப்பானும் சமயத்தில் எழுத்தைச் சொல்லாமல் ‘க’ என்று ஒன்றையும் பிறகு துணைக்காலின் பெயரையும் தனித்தனியே சொல்லும். கேட்கிறவர் போகப் போக எழுத்துகளை மனத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ‘கெ’ என்று எழுதினால் கண்ணுக்குக் கொம்பு முதலில், க பிறகு. யூனிகோடில் க முதலில், கொம்பு பிறகு. நாக்கு சொல்லும் வரிசை. தமிழ் பிரெயிலிலும் அதே வரிசைதான். பூந்தமல்லிப் பார்வையற்றோர் பள்ளியில் பிரெயில் படித்து வருகிற பிள்ளைக்கு யூனிகோடின் இந்தப் பழக்கம் விசித்திரமாகவே இருக்காது. கண்ணால் படித்தவர்களுக்குத்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண் ஏமாறும் இடத்தில் காது ஏமாறாது என்பதற்கும் தமிழில் உதாரணம் நிறைய. தமிழ் எண் ஏழும் எகரமும் பல எழுத்துருக்களில் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். யாராவது ‘எழுத்து’ என்பதை ஏழு போட்டுத் தொடங்கியிருந்தால், பார்க்கிறவர் ஆயுளுக்கும் கண்டுபிடிக்க மாட்டார். தேடலில் அந்தச் சொல் ஏன் சிக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார். திரைவாசிப்பான் எழுத்தெழுத்தாகப் படித்தால் முதல் எழுத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஔவையை ஒ, ள, வை என்று மூன்றாகத் தட்டுகிறவர்கள் இன்னும் ஏராளம். அச்சில் குறை தெரியாது. காதில் பாட்டியின் பெயர் ‘ஒளவை’ என்று, ‘ஒளி’யில் வரும் ‘ஒள’வோடு விழும். மெய்ப்புத் திருத்துகிறவர்கள் திரைவாசிப்பானை ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டால் நிறையப் பிழை சிக்கும் என்பது என் எண்ணம்.

வேதனை பழைய எழுத்துருக்களில். பாமினி போன்றவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். ‘அம்மா’ என்று பார்ப்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த கோப்புகள் இப்படிப்பட்டவை. தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முந்தைய குவியல் அப்படியே இருக்கிறது. காதால் படிக்கும் ஒருவருக்கு அந்தக் கோப்பு தமிழே இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு நிலைமை லினக்ஸில் உண்டு. வரைகலை எதுவும் இல்லாத வெறும் லினக்ஸ் முகப்பில் அதிகபட்சம் 512 எழுத்துருவங்களே காட்ட முடியும். தமிழுக்கு அங்கே இடமில்லை. தமிழ்க் கோப்பைத் திறந்தால் எல்லாம் ஒரே மாதிரிக் கட்டமாகத் தெரியும். முன்பு திரையின் சேமிப்பிலும் அந்தக் கட்டத்தின் எண்தான் இருந்தது. மூல எழுத்து தொலைந்துபோகும். நிகில் நாயர் கேம்பிரிட்ஜில் தொடங்கிய பிரெயில்டிடிஒய் போன்ற கருவிகள் லினக்ஸ் திரையைப் பிரெயில் பலகைக்கு அனுப்புகின்றன. அவற்றுக்கும் அந்தக் கட்டமே கிடைத்தது. நிக்கோலா பித்ர் எழுதிய திருத்தம் 2018-இல் லினக்ஸ் 4.19-இல் சேர்ந்தது. அது முதல் திரையில் உருவம் இல்லாவிட்டாலும் உண்மையான யூனிகோடு எழுத்தைக் கெர்னல் எனும் கருநிரல் தனியே வைத்துக்கொடுக்கிறது. ஆக, அந்த முகப்பில் ஒரு தமிழ் வரியைப் படிக்க முடிந்தவர் திரையைப் பார்க்காதவர் மட்டுமே.

குரல் விஷயத்தில் முன்பைவிட நிலைமை தேவலாம். இஸ்பீக்கில் தமிழ் உண்டு. இயந்திரத்தனமான குரல், ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் சொல் சிதையாது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் தலைமையில் பல கல்வி நிறுவனங்கள் கூடி இந்திய மொழிகளுக்கு உருவாக்கிய குரல்களில் தமிழும் இருக்கிறது, தமிழுக்கு எஸ்.எஸ்.என். கல்லூரியின் பங்கு பெரிது. கேட்க அவை இனிமையானவை. நிரல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இனிமையைவிட வேகத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது வேறு கதை.

காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரி மாணவர் இன்று தொடங்குவதானால், எட்டோடு மட்டும் வாழ்க்கை நடத்து என்று நான் சொல்ல மாட்டேன். விஎஸ் கோட் எடிட்டரில் திரைவாசிப்பானுக்கென்றே தனி ஏற்பாடு இருக்கிறது. பிழை உள்ள வரிக்கு வந்தால் ஒலி எழுப்பும். பார்வையுள்ள சக ஊழியரோடு ஒரே கருவியில் வேலை செய்வதற்கும் அது வசதி. ஆனால் தொலைவில் உள்ள ஒரு சர்வரில் நுழைந்து இரண்டு வரி மாற்ற வேண்டிய நாள் எல்லாருக்கும் வரும். அங்கே விஎஸ் கோட் இருக்காது. எட் பல சர்வர்களில் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். உள்ளே போனதும் முதல் வேலையாகப் பெரிய எழுத்து ஹெச் ஒன்றை அடித்து என்டர் தட்டிவிடுங்கள். அதன் பிறகு எட் வெறும் கேள்விக்குறியோடு நிறுத்தாது. என்ன கோளாறு என்று ஒரு வரியில் காரணமும் சொல்லும். பெரிய எழுத்து பி அடித்தால், தான் கட்டளைக்குக் காத்திருப்பதைத் தெரிவிக்க ஒவ்வொரு முறையும் ஒரு நட்சத்திரக்குறி போடும். காதில் அது சில நாளில் சலித்துவிடும். அப்போது அதே பி-யை இன்னொரு முறை அடித்தால் நின்றுவிடும்.